இரண்டு தட்டும் ஒரு தாளமும்

நாற்பத்தாறு வயதில் ஒருவன் புதிதாக ஒரு வித்தை கற்கத் தொடங்கினால், அது வீணையாக இருந்தால் உலகம் மெச்சும். ஜோஸியமாக இருந்தால் உலகம் மன்னிக்கும். நானோ இசைத்தட்டுச் சுழற்றக் கற்றுக் கொள்ள ஆரம்பித்தேன். "பள்ளிக்கூடத்து வாத்தியார் செய்கிற காரியமா இது?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார். அவருக்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அவர் கண்ணில் படும் என்று நம்புகிறேன்.

விஷயம் நடந்தது இப்படி. என் தமக்கையின் மகன் பெங்களூரில் உத்தியோகம் பார்த்து வந்தான். பகலில் கம்ப்யூட்டர் வேலை; சனிக்கிழமை இரவுகளில் டி.ஜே. வேலை. மேற்படிப்புக்காக அவன் வெளிநாடு புறப்பட்டபோது, இரண்டு டர்ன்டேபிள், ஒரு மிக்ஸர், அறுபது எழுபது இசைத்தட்டு எல்லாவற்றையும் எங்கள் வீட்டு மாடி அறையில் கொண்டு வந்து இறக்கினான். "மாமா, யந்திரம் சும்மா கிடந்தால் கெட்டுப் போகும். தினம் கொஞ்சம் ஓட்டி வையுங்கள்" என்றான். ஊருக்குப் போகிறவன் அடுத்த வீட்டாரிடம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்வதுபோல்தான் சொன்னான். புறப்படப் பத்து நாள் இருந்தது. கோடை விடுமுறை, எனக்கும் வேலை இல்லை. "சும்மா ஓட்டுவானேன்? எப்படி ஓட்டுவது என்று சொல்லிக் கொடேன்" என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக் கொண்டேன்.

கல்யாண வரவேற்புகளில் டி.ஜே. என்று ஒருவர் மேடையோரத்தில் நிற்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்து, அதைத் தோளால் இடுக்கிக் கொண்டு, கழுத்துச் சுளுக்கியவர்போல் சாய்ந்து நிற்பார். 'பிறர் பாடியதை இவர் போடுகிறார். இதில் என்ன வித்தை?' என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அந்தச் சாய்ந்த கழுத்தில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. அவருடைய ஒரு காது சபையார் கேட்கும் பாட்டைக் கேட்கிறது. மற்றொரு காது, சபைக்கு இன்னும் கேட்காத அடுத்த பாட்டைக் கேட்கிறது. இரண்டையும் ஒரே காலப்பிரமாணத்துக்குக் கொண்டு வந்து, ஒன்றின் அடி மற்றொன்றின் அடிமேல் மயிரிழை பிசகாமல் விழும்படி செய்து, அதன் பிறகே அடுத்த பாட்டைச் சபைக்கு மெதுவாகத் திறந்து விடுகிறார். ஆடுகிறவர்களின் கால் ஒரு கணமும் நிற்பதில்லை. அடியோடு அடியைப் பொருத்துவதற்குப் பீட்மேட்சிங் என்று பெயர்; பொருத்திய இரண்டையும் கலப்பது மிக்ஸிங்.

கணக்கு வாத்தியாராகையால் முதலில் நான் கணக்கைத்தான் பார்த்தேன். மேல்நாட்டு நடன இசையில் 'ஹவுஸ்' என்னும் வகை நிமிஷத்துக்கு ஏறக்குறைய 120 அடி போகும். அதாவது அரை விநாடிக்கு ஓர் அடி. ஒரு தட்டு 120 அடி, மற்றொன்று 121 அடி என்று வைத்துக் கொள்வோம். நிமிஷத்துக்கு ஓர் அடிதானே வித்தியாசம், யாருக்குத் தெரியப் போகிறது என்று தோன்றும். ஆனால் இரண்டையும் சேர்ந்தாற்போல் விட்டால், ஆறாவது விநாடியிலேயே ஒன்று மற்றொன்றை விநாடியில் இருபதில் ஒரு பங்கு முந்தி விடுகிறது. 'தம்' என்று கேட்க வேண்டியது 'தத்தம்' என்று கேட்கிறது. அரை நிமிஷம் ஆகும்போது ஒன்றின் அடி மற்றொன்றின் இரண்டு அடிகளுக்கு நட்ட நடுவில் போய் உட்கார்ந்து விடுகிறது. அப்போது காதில் விழுவது சங்கீதமல்ல. கல் பாவிய ரஸ்தாவில் இரண்டு குதிரை வண்டிகள் போட்டி போட்டு ஓடுகிற ஓசை. அமெரிக்க டி.ஜே.க்கள் இதற்கு 'ரயில் விபத்து' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர் என்பதை நான் பின்னால் சபையிலேயே அறிந்தேன்.

வேகத்தைச் சரி செய்ய டர்ன்டேபிளின் வலப் பக்கத்தில் மேலும் கீழும் நகரும் ஒரு பிடி இருக்கிறது. 'பிட்ச்' என்பார்கள். தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்ற வேண்டியது. இந்தப் பிடியால் நூற்றுக்கு எட்டுப் பங்கு வரை கூட்டலாம், குறைக்கலாம். 120 அடிப் பாட்டை ஏறக்குறைய 110-க்கு இறக்கலாம்; 129-க்கு ஏற்றலாம். இதில் ஒரு சங்கடம் உண்டு. இசைத்தட்டில் வேகமும் சுருதியும் ஒட்டிப் பிறந்தவை. நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூட்டினால், ஷட்ஜம் இருந்த இடத்தில் சுத்த ரிஷபம் வந்து நின்றுவிடும்; பாடுகிற அம்மாள் சிறுமியாகி விடுவாள். கம்ப்யூட்டர் இந்த இரட்டையைப் பிரித்து விடுகிறது. தட்டினால் முடியாது. ஆகையால் வேகத்தில் வெகுதூரம் விலகிய இரண்டு பாட்டுக்குக் கல்யாணம் செய்து வைக்காமல் இருப்பதே உத்தமம்.

இந்த வித்தை வளர்ந்த இடம் நியூயார்க் நகரம். அங்கே மேற்கு 43-வது தெருவில் ஜெர்மன் பாப்டிஸ்ட் சபையாருடைய தேவாலயமாயிருந்த ஒரு பழைய கட்டிடத்தை 'ஸாங்க்சுவரி' என்ற நடன சாலையாக்கினார்கள். 1970-ஐ ஒட்டிய வருஷங்களில் அங்கே தட்டுப் போட்டவர் பிரான்ஸிஸ் கிராஸோ என்ற இளைஞர். அதற்கு முன் அவர் நடன சாலைகளில் கூலிக்கு ஆடியவர். பாட்டு நின்றால் ஆடுகிறவனுடைய காலுக்கு என்ன நேர்கிறது என்பது அவருக்குத் தெரியும். மற்றவர்கள் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததைப் போட்டார்கள். கிராஸோ முடியும் வரை காத்திருக்கவில்லை. தட்டுக்கு அடியில் மெத்தென்ற கம்பளித் துணி வட்டம் ஒன்றை விரித்தார். வானொலி நிலையத்துக்காரர்கள் முன்பே கையாண்ட தந்திரந்தான் அது. கீழே யந்திரம் சுழன்று கொண்டே இருக்கும். மேலே தட்டை விரலால் பிடித்து நிறுத்தியிருப்பார். சரியான அடி வந்ததும் விரலை எடுப்பார். தட்டு அந்தக் கணமே ஓடத் தொடங்கும். 'சிகாகோ' என்ற வாத்தியக் கோஷ்டியின் தாளப் பகுதியின்மேல் லெட் ஸெப்பலின் கோஷ்டியின் பாட்டை அவர் ஏற்றி ஓட விட்டதை இன்றைக்கும் பேசுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தத் தட்டுகளில் தாளம் போட்டவர்கள் மனிதர்கள். உற்சாகம் வந்தால் வேகம் சிறிது ஏறும். பாட்டு உருகினால் சிறிது தணியும். அணுவளவும் பிசகாமல் அடிக்கும் டிரம் யந்திரங்கள் பின்னால்தான் நடன இசைக்கு வந்தன. பெயர் பெற்ற ரோலண்ட் 808 வந்தது 1980-ல். 909 வந்தது 1983-ல். எனவே கிராஸோ ஒரு தடவை பொருத்தி விட்டுக் கையைக் கட்டிக் கொண்டு நிற்க முடியாது. இரண்டு தட்டும் சேர்ந்து ஓடும் வரை, சண்டைக்காரப் பிள்ளைகள் இருவரைக் கடைத்தெருவில் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் தகப்பனைப்போல், மாற்றி மாற்றி இழுத்துக் கொண்டே இருக்க வேண்டும்.

நகரத்தின் வட கோடியில், ஏழைகள் மிகுந்த பிராங்க்ஸ் பகுதியில், வேறொரு விதமாக இதே வித்தை முளைத்தது. 1973 ஆகஸ்டு 11-ஆம் தேதி, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் இலக்கக் கட்டிடத்தில் ஸிண்டி காம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து நடத்தினாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும்; அதற்காகத்தான். கட்டணம் பெண்களுக்கு 25 ஸெண்ட், ஆண்களுக்கு 50 ஸெண்ட். தட்டுப் போட்டவர் அவளுடைய தமையன். கூல் ஹெர்க் என்று பெயர் விளங்கியவர். பாட்டில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து, தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடத்தில்தான் ஜனங்கள் மிக மும்முரமாக ஆடுகிறார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் போன்ற இடம் அது. ஆனால் சில விநாடிகளில் போய்விடும். ஒரே தட்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றொன்றில் அதையே தொடங்கி நீட்டினார்.

ஆனால் ஹெர்க் ஒட்டுப் போட்ட இடம் காதுக்குத் தெரியும். அதைத் தெரியாமல் தைக்க வேண்டும் என்று முனைந்தவர் மின்சாரத் தொழிற்பள்ளியில் படித்த ஜோஸப் ஸாட்லர் என்ற பையன். பிற்காலத்துக் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ். அவர் தட்டின்மேல் மெழுகுப் பென்ஸிலால் கோடு போட்டு, கடிகார முள்ளைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்து, எத்தனை சுற்றுப் பின்னால் போக வேண்டும் என்று கணக்கிட்டார். சபைக்குக் கேட்காமல் தாம் மட்டும் முன்கூட்டிக் கேட்பதற்கு ஒரு ஸ்விட்சையும் தாமே அமைத்துக் கொண்டார். இவ்வளவு பிரயாசைக்கும் பலன் என்ன தெரியுமா? முதல் தடவை சபையில் செய்து காட்டியபோது ஒருவரும் ஆடவில்லை. நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

யந்திரம் வந்தது ஜப்பானிலிருந்து. பழைய டர்ன்டேபிள்கள் பலவற்றில் மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் வார் ஓடும். விரலால் தட்டைத் தடுத்தால் வார் வழுக்கும்; விட்டால் வேகம் பிடிக்க நேரமாகும். மத்ஸுஷிதா கம்பெனியின் பொறியாளர் ஷூயிச்சி ஒபாட்டா, வாரை எடுத்து விட்டு மோட்டாரின் அச்சிலேயே தட்டை ஏற்றும் முறையைக் கொண்டு வந்தார். அந்த முறையில் 1972-ல் டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 வெளிவந்தது. 1979-ல் வந்த அதன் அடுத்த வடிவத்தில், மேலே சொன்ன நகரும் பிடி சேர்ந்தது. முக்கால் விநாடிக்குள் முழு வேகம். வீட்டில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து சங்கீதம் கேட்பவர்களுக்கென்று செய்ததை, பிராங்க்ஸ் பிள்ளைகளும் நடன சாலைக்காரர்களும் எடுத்துக் கொண்டு போனார்கள். 2010-ல் செய்வதை நிறுத்தினார்கள். கேட்பார் ஓயாததால் 2016-ல் மறுபடியும் தொடங்கினார்கள். எங்கள் மாடியில் இருப்பதும் அந்த ஜாதிதான்.

இனி என் கதை. முதல் நாள் மருமான் ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு யந்திரத்திலும் வைத்தான். வேகம் ஒன்றேயாகையால், சரியான சமயத்தில் விரலை எடுக்க மட்டும் கற்றால் போதும். பாட்டின் முதல் அடியைத் தேடி, ஊசியின் கீழ் தட்டை முன்னும் பின்னும் அசைத்து, 'வுக்கா வுக்கா' என்று அது முனகுவதைக் கேட்டு, ஓடும் பாட்டில் எடுப்பு வரும் இடத்தில் விட வேண்டும். எந்த அடியில் வேண்டுமானாலும் விடலாகாது. இந்த நடனப் பாட்டுகள் நான்கு நான்கு அடியாகப் போய், பெரும்பாலும் 32 அடிக்கு ஒரு தடவை ஏதாவது புதிதாகச் சேரும் அல்லது விலகும். ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம் என்று நான் தொடையில் போட்டுக் கொண்டேன். மருமான் விரல் விட்டு எண்ணிக் கொண்டிருந்தான். என் முறையைப் பார்த்து அவனும் தொடைக்கு மாறினான். அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

கை ஒரு வாரத்தில் வந்துவிட்டது. காது வரவில்லை. வேறு வேறு பாட்டுகளை வைத்தவுடன் என் பெருமை எல்லாம் போயிற்று. இரண்டும் விலகுவது எனக்குக் கேட்டது. எது முந்துகிறது, எது பிந்துகிறது என்பது மாத்திரம் தெரியவே இல்லை.

"கேட்கவில்லையா, மாமா? புதுத் தட்டு முந்துகிறதே!"

கேட்கவில்லை.

"இப்போது?"

இப்போதும் கேட்கவில்லை. ஊகித்துப் பிடியை நகர்த்துவேன். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு சரியாக இருக்கும். நாலாம் நாள் அவன் பொறுமையை இழந்து, "இவ்வளவு தெளிவாக இருக்கிறதே!" என்றான்.

அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பழக்கமானது. இருபது வருஷமாக நான் வகுப்பில் சொல்லி வரும் வாக்கியம். என் ஏழாம் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் ஒரு பையன். ஐந்தில் இரண்டு பெரிதா, எட்டில் மூன்று பெரிதா என்று கேட்டால், அவன் கரும்பலகையைப் பார்ப்பான், பிறகு என் முகத்தைப் பார்ப்பான், "ஐந்தில்..." என்று இழுத்து, என் புருவம் சிறிது அசைந்தால் "எட்டில்" என்று முடிப்பான். இதைச் சோம்பேறித்தனம் என்றும், தந்திரம் என்றும் தீர்மானித்து, பல தடவை பெஞ்சின்மேல் நிறுத்தியிருக்கிறேன். மாடி அறையில் அன்று பிடியின்மேல் கை வைத்துக் கொண்டு, எந்தப் பக்கம் நகர்த்துவது என்று தெரியாமல், நான் மருமானுடைய புருவத்தைப் பார்த்துக் கொண்டிருந்தேன். பார்க்கிறேன் என்பது எனக்கே திடீரென்று உறைத்தது. காது சூடேறிற்று. அன்றைப் பாடத்தை அத்துடன் நிறுத்தி விட்டேன். தலைவலி என்று சொன்னேன்.

மருமான் கெட்டிக்காரன். மறுநாள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கொண்டான். "மாமா, காதைக் கேட்காதீர்கள், விரலைக் கேளுங்கள்" என்றான். இரண்டும் விலகும்போது, புதுத் தட்டின் விளிம்பை விரல் நுனியால் ஒரு கணம் தொட வேண்டும். அது சிறிது தயங்கும். 'தத்தம்' என்பது சேர்ந்து 'தம்' ஆனால், புதியது முந்திக் கொண்டிருந்தது என்று அர்த்தம். பிடியைச் சற்றே இறக்க வேண்டும். விலகல் அதிகமானால், அது பிந்தியிருந்தது. நடு லேபிளைப் பிடித்துச் சிறிது தள்ளி, பிடியை ஏற்ற வேண்டும். இன்னொன்றும் சொன்னான். புதுத் தட்டை வேண்டுமென்றே அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் வைத்துக் கொள்; அது முந்துகிறது என்பது உனக்கு நிச்சயமாகத் தெரியும்; முந்துவது என்றால் காதில் எப்படி விழுகிறது என்று கேள்; பிறகு வித்தியாசத்தை நாளுக்கு நாள் குறைத்துக் கொண்டே வா என்றான். தெரிந்த விடையிலிருந்து கேள்விக்குப் போகிற மார்க்கம். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததாக நினைவில்லை.

அவன் விமானம் ஏறிப் போன பிறகு, பார்ப்பதற்கு முகம் இல்லை. தினம் இரவு எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை. ஹெட்போனின் ஓசையை அளவோடு வைக்க வேண்டும் என்பதை இரண்டு நாள் காதில் 'ஙொய்' என்ற ரீங்காரம் கேட்ட பிறகு அறிந்தேன். இந்தத் தொழிலில் செவியைக் கெடுத்துக் கொள்வது சுலபம். என் தகப்பனார் சேர்த்து வைத்த சினிமாத் தட்டுகளையும் ஒரு நாள் பரீட்சித்தேன். பலிக்கவில்லை. நடன இசைத்தட்டில் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் சிறிது நேரம் ஓடும். ஒட்டுப் போடுவதற்கென்றே விட்ட ஓரத்துணி அது. சினிமாப் பாட்டில் அந்த ஓரம் கிடையாது. வேகமும் பாட்டின் பாவத்தைப் பின்பற்றிப் போகும். அவற்றை மரியாதையாக உறையில் போட்டு விட்டு, தனித்தனியாகவே கேட்டு வருகிறேன்.

ஆடி பிறந்து ஆவணியும் முடிகிற சமயத்தில், ஓர் இரவு, விரலை வைப்பதற்கு முன்பே 'புதியது பிந்துகிறது' என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது. அதற்கடுத்த கஷ்டம் உடனே வந்தது. அடிகள் சேர்ந்தாலும், இரண்டு பாட்டின் கனத்த ஓசைகளும் ஒன்றாக ஒலித்தால் அறை முழுவதும் கொழகொழவென்று குழம்பி விடும். மிக்ஸரில் கீழ் ஸ்தாயியை மட்டும் குறைக்கும் குமிழ் உண்டு. புதிய பாட்டை அது இல்லாமல் உள்ளே விட்டு, 32 அடி முடியும் இடத்தில் பழையதன் கனத்தைக் குறைத்துப் புதியதன் கனத்தைக் கூட்ட வேண்டும். சுமைதாங்கிக் கல் இல்லாத ரஸ்தாவில் தலைச்சுமை மாற்றிக் கொள்வதுபோல.

பள்ளிக்கூடத்தில், மூன்றாம் பெஞ்சுப் பையனைத் தனியே அழைத்து, ஒரே நீளமான இரண்டு காகித நாடாக்களைக் கொடுத்தேன். ஒன்றை ஐந்தாகவும் மற்றொன்றை எட்டாகவும் மடித்துப் பார்க்கச் சொல்லி விட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். வெகுநேரம் காகிதம் சலசலத்தது. அவன் விடை சொல்லும் வரை நான் திரும்பவில்லை. அன்று பாதிப் பாடவேளை அதிலேயே போயிற்று; தலைமை ஆசிரியர் ஒரு தடவை எட்டிப் பார்த்து விட்டுப் போனார்.

இப்பொழுது இதெல்லாம் வேண்டியதே இல்லை என்று சொல்லுகிறவர்கள் உண்டு. கம்ப்யூட்டரிலும் புதிய மாதிரி யந்திரங்களிலும் 'ஸிங்க்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் இரண்டு பாட்டும் கண நேரத்தில் பொருந்திக் கொள்ளும். எத்தனை அடி என்பதை எண்ணிலும் காட்டும். அதை உபயோகிப்பவர்களை இகழ்ந்து பேசுவது டி.ஜே.க்களிடையே ஒரு வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. பொருத்தும் வேலை ஒழிந்தால், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதில் மனத்தைச் செலுத்தலாம், சபையைப் பார்க்கலாம். அது சிறிய காரியமல்ல. ஆனால் மனிதர் தாளம் போட்ட பழைய பாட்டு வந்தால் பொத்தான் தடுமாறும். எண் ஒன்று காட்டும், காது ஒன்று சொல்லும். அப்போது காது சொல்வதை நம்புவதற்கு, முன்னமே ஒரு தடவையாவது காதை நம்பிப் பழகியிருக்க வேண்டும். வாய்ப்பாடு தெரிந்த பையனிடம் கால்குலேட்டரைக் கொடுக்கிற விஷயமாகவே இதை நான் பார்க்கிறேன்.

சென்ற தை மாதம் மருமான் விடுமுறையில் வந்திருந்தான். அவன் தங்கைக்கு நிச்சயதார்த்தம். மாலையில் எங்கள் மொட்டை மாடியில் உறவினரும் சிநேகிதரும் இருபத்தைந்து பேர் கூடினார்கள். யந்திரங்களை அங்கே ஏற்றினோம். ஒரு மணி நேரம் அவன் நடத்தினான். பிறகு ஹெட்போனை என் கழுத்தில் மாட்டி, "நான் சாப்பிட்டு வருகிறேன், மாமா" என்று சொல்லிக் கீழே இறங்கி விட்டான்.

முதல் மாற்றம் சாக்ஷாத் ரயில் விபத்து. மாடியில் நடமாடும் கால்களின் அதிர்ச்சி, காற்று, பேச்சுச் சத்தம் இவற்றுக்கு நடுவே ஹெட்போனில் கேட்டது என் அறையில் கேட்டதுபோல் இல்லை. அவசரப்பட்டுத் திறந்து விட்டேன். குதிரை வண்டிகள் இரண்டும் ஓடின. ஆடிக் கொண்டிருந்த என் அத்திம்பேர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்று என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். புதிய பாட்டைச் சபைக்கு அடைத்து, பழையதை ஓட விட்டேன். மாடிப்படியைப் பார்த்தேன், மருமான் வரவில்லை. விரலை விளிம்பில் வைத்தேன். 'தம்' ஆயிற்று. பிடியை ஒரு நெல்லளவு இறக்கினேன். மறுபடி விலகிற்று, இன்னும் அரை நெல்லளவு. தொடையில் நான்கு ஆவர்த்தனம் எண்ணித் திறந்தேன். ஒருவரும் திரும்பவில்லை. அத்திம்பேரின் கால் கீழே இறங்கி, மறுபடி எழுந்தது.

அப்படியே அடுத்ததும், அதற்கடுத்ததும். சற்றுப் பொறுத்து என் மனைவி ஒரு டம்ளர் மோர் கொண்டு வந்து மிக்ஸரின் பக்கத்தில் வைக்கப் போனாள். பதறிப் போய் அதைக் கையில் வாங்கிக் கொண்டேன். அவள் சிறிது நேரம் நின்று கேட்டு விட்டு, "எவ்வளவு நேரந்தான் இந்த ஒரே பாட்டைப் போட்டுக் கொண்டிருப்பீர்கள்? வேறு தட்டே இல்லையா?" என்றாள்.

அப்போது ஓடிக் கொண்டிருந்தது நாலாவது தட்டு.